அப்பாவின் படிக்கணக்கு

1962ஆம் ஆண்டு ஆனி மாதம், காஞ்சிபுரத்தில் என் சித்தியின் கல்யாணம். முகூர்த்தத்துக்கு முந்தின இரவு, வீட்டுப் பின்கட்டில் கீற்றுப் பந்தலுக்குக் கீழே கோட்டை அடுப்பு மூட்டியாகிவிட்டது. சமையற்காரர் துவரம்பருப்பு மூட்டையைப் பிரித்து, தாம் கையோடு கொண்டுவந்திருந்த பித்தளைப் படியால் அண்டாவில் அளந்து போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்பது வயது. அவர் எண்ணுவதைக் கேட்கவே பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். லாபம், ரெண்டு, மூணு என்று ராகம்போட்டுப் போன குரல் பதினாலில் நின்றது. சாக்கைத் தலைகீழாக உதறினார். இன்னும் ஒரு கால் படி தேறியது. அவ்வளவுதான்.

"இருபதுன்னு எழுதிக் கொடுத்தேனே தம்பி?" என்று மாமாவைக் கூப்பிட்டுக் கேட்டார்.

மாமா சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து லாந்தர் வெளிச்சத்தில் காட்டினார். 'து.ப. 20' என்று இருந்தது. "இருபதுதான் சாமி வாங்கினேன். இருபது கிலோ. எதிர்ல நின்னு நிறுத்து வாங்கினேன்."

சமையற்காரர் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் எழுதினது படி" என்றார்.

பருப்பென்றால் படி என்று எழுதிக் காட்ட வேண்டிய தேவை அவருடைய நாற்பது வருஷத் தொழிலில் ஒருநாளும் வந்ததில்லை. கிலோவென்றால் கிலோவென்று கேட்டு வாங்க வேண்டிய தேவை மாமாவுக்கும் அதற்கு முந்தின வருஷம்வரை வந்ததில்லை. இருவர் பக்கமும் தப்பு இல்லை. ஆனால் ஐந்தே முக்கால் படி பருப்பு குறைந்தது, இரவு பத்து மணி, கடைகள் சாத்தியாகிவிட்டன. அம்மாவும் பெரியம்மாவும் முறத்தை எடுத்துக்கொண்டு தெருவில் வீடு வீடாகப் போனார்கள். தெருக்காரர்கள் நல்லவர்கள், கொடுத்தார்கள். ஆனாலும் மறுநாள் மூன்றாம் பந்திக்கு வந்த சாம்பார் நீர்த்திருந்தது. சம்பந்தி வீட்டில் யாரோ ஒரு வார்த்தை சொன்னார்கள். அந்த வார்த்தையை ஆயா சாகும்வரை மறக்கவில்லை.

அப்பாவும் மறக்கவில்லை. அவர் அந்த வீட்டு மருமகன். அதோடு பலசரக்குக் கடைக்காரர். கல்யாணம் முடிந்து மதுராந்தகம் திரும்பிய அன்றைக்கே கடையில் உட்கார்ந்து ஒவ்வொரு பயறாகப் படியால் அளந்து, தராசில் நிறுத்து, எழுத ஆரம்பித்தார். அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. இதை எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

எங்கள் கடையில் கல்லாப்பெட்டிக்கு ஒரு பக்கம் தராசு, மறுபக்கம் படிகள். புளி, வெல்லம், மிளகாய், மஞ்சள், பெருங்காயம் எல்லாம் தராசுப் பக்கம். அவற்றுக்குப் பலம், வீசை, மணங்கு. அரிசி, பருப்பு, பயறு, எள், உப்பு எல்லாம் படிப் பக்கம். அங்கே இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். எந்தச் சாமான் எந்தப் பக்கம் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. கொட்டினால் பாத்திரத்தின் வடிவத்தை எடுத்துக்கொள்கிற பொருள் படிக்கு. எடுத்துக்கொள்ளாத பொருள் தராசுக்கு. புளியைப் படியில் திணித்தால் எவ்வளவு திணித்தோம் என்று எவருக்குத் தெரியும்? பயறு அப்படியில்லை, தானே போய் உட்கார்ந்துகொள்ளும்.

இந்த இரு பக்கமும் மிகப் பழையவை. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தில், அளவுப் பெயர்களுக்கும் நிறைப் பெயர்களுக்கும் முதலெழுத்தாக வருபவை ஒன்பது என்று ஒரு நூற்பா வரையறுக்கிறது. கலம், நாழி, உழக்கு ஒரு வரிசை. கழஞ்சு, தொடி, பலம் இன்னொரு வரிசை. இலக்கணம் எழுதும்போதே முகந்தளப்பதும் நிறுத்தளப்பதும் இரண்டு குடும்பங்களாகப் பிரிந்துவிட்டிருந்தன. சிலப்பதிகாரத்தில் கோவலன் சுற்றிப்பார்க்கிற மதுரையின் கூலவீதியில் நிறைகோல் பிடித்தவர்களும் நடமாடுகிறார்கள், பறையும் அம்பணமும் வைத்து அளப்பவர்களும் நடமாடுகிறார்கள். மணிமேகலை பாடிய சாத்தனாருக்குக் கூலவாணிகன் என்றே பெயர். நெல்லும் பயறும் விற்றவர் காவியம் எழுதினார் என்பதில் எனக்கு ஒரு கடைக்காரர் மகளுக்குரிய பெருமை உண்டு.

தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் இந்தப் பிரிவு துல்லியமாகத் தெரியும். முதலாம் இராசராசன் காலத்தில் அங்கே நெல்லளந்த மரக்காலுக்கு ஆடவல்லான் என்று பெயர். ஆடுகிற பெருமானின் பெயரை மரக்காலுக்கு வைத்து, அது இராசகேசரி என்ற மரக்காலோடு ஒக்கும் என்று சேர்த்தே எழுதுகிறார்கள். ஒரே சொல்லில் மரக்கால் என்று விட்டுவிட்டால் எந்த மரக்கால் என்று பின்னால் தகராறு வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. திருவமுதுக்கான பட்டியலில் பருப்பு, நெய், தயிர் எல்லாம் முகத்தல் அளவில் வருகின்றன. சர்க்கரை பலக் கணக்கில் வருகிறது. நெல்லை அரிசியாக்கும்போது ஐந்துக்கு இரண்டு என்று குத்துமானமும் சொல்லிவிடுகிறார்கள். எங்கள் கடையில் இருந்த அதே இரண்டு பக்கங்கள், ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கல்லில்.

இனி படிக்குள் போகலாம். பழைய அளவை வாய்ப்பாட்டில் ஒரு படிக்குள் எத்தனை மணி என்று ஒரு கணக்கு உண்டு. அவரை 1,800. மிளகு 12,800. நெல் 14,400. பயறு 14,800. அரிசி 38,000. எள் 1,15,000. நெல்லில் 360 மணி ஒரு செவிடு, ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு என்று அடியிலிருந்தே ஏறிவருகிற கணக்கு அது. படி தொலைந்துபோனாலும் வயலில் விளைகிற மணியை எண்ணிப் படியை மீட்டுவிடலாம் என்பது அதன் உட்பொருள். தாத்தா இதை ஒப்பிப்பார். அப்பாவும் ஒப்பிப்பார். இரண்டு பேரும் எண்ணிப் பார்த்ததில்லை.

நான் எண்ணினேன். போன தை மாதம், வெயில் விழுகிற முற்றத்தில் வெள்ளைத் துணியை விரித்து, பச்சைப்பயறைப் பத்துப் பத்தாக ஒதுக்கி ஆயிரம் எண்ணினேன். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பயறை அவ்வளவு நேரம் பார்த்தால் ஒவ்வொன்றின் வயிற்றிலும் இருக்கிற வெள்ளைக் கீற்று தனித்தனி முகம்போல் ஆகிவிடுகிறது. சமையலறைத் தராசில் வைத்தேன். 38 கிராம். அப்படியானால் 14,800 பயறு 562 கிராம். பிறகு காய்ந்த அவரைக்கொட்டை நூறு எண்ணி நிறுத்தேன்: 34 கிராம். 1,800க்கு 612 கிராம். எங்கள் கடைப் படியில் பச்சைப்பயறு கிட்டத்தட்ட 1,400 கிராம் பிடிக்கும். ஆக வாய்ப்பாட்டின் படி எங்கள் படியில் பாதிக்கும் குறைவு. ஒரு பயறும் ஓர் அவரையும், அளவில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு கொட்டைகள், ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. விதைகள் காலத்துக்குக் காலம் பருத்தும் சிறுத்தும் மாறியிருக்கும்தான். ஆனாலும் அந்த வாய்ப்பாட்டை எழுதியவர் முன்னால் வைத்திருந்தது சிறிய நாழி என்று எனக்கு உறுதியாகிவிட்டது. கல்யாணத்தில் படிக்கும் கிலோவுக்கும் வந்த குழப்பம் படிக்கும் படிக்குமே இருந்திருக்கிறது.

எங்கள் படி பெரிதாக இருந்ததற்குக் காரணம் அது பட்டணம் படி. சென்னையைச் சுற்றிய வட்டாரங்களில் கும்பெனிக் காலத்திலிருந்து பழகிவந்த அளவு. எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், நானூறு மரக்கால் ஒரு கரிசை. துரைமார் அதை எழுத்தில் 'மெட்ராஸ் மெஷர்' என்றார்கள். கடைசியில் நிலைத்த கணக்குப்படி அதன் கொள்ளளவு 100 கன அங்குலம், அதாவது இன்றைய 1.64 லிட்டர். ஆழாக்கு 205 மில்லி. தெற்கே போகப்போகப் படி சிறுக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள் முதல் மாதம் சோற்றை அதிகமாக வடித்துவிட்டு விழிப்பார்கள் என்று ஆயா சொல்வார்.

படி ஒன்றானாலும் அளக்கிற விதம் இரண்டு. தலைதட்டி அளப்பது ஒன்று. கோபுரமாகக் குவித்து அளப்பது இன்னொன்று. தலைதட்டிய பட்டணம் படி அரிசி 120 தோலா எடை. குவித்தால் 132 தோலா. பன்னிரண்டு தோலா என்பது 140 கிராம். பத்துப் படிக்கு ஒரு படி கூடுதல். வாங்கும்போது குவித்தும் விற்கும்போது தலைதட்டியும் அளந்தால் வியாபாரிக்கு அந்த ஒரு படி சும்மா கிடைக்கும். குவியலுக்கு இன்னொரு கோளாறும் உண்டு. வாய் அகன்ற படியில் கோபுரம் பெரிது, வாய் குறுகிய படியில் சிறிது. கொள்ளளவு ஒன்றாகவே இருந்தாலும் குவித்தால் வேறு வேறு. அதனால்தான் அதிகாரிகள் தலைதட்டு அளவைப் பிடித்துக்கொண்டார்கள்.

பயறுகளில் இது இன்னும் கூடும். பட்டாணியும் கொண்டைக்கடலையும் உருண்டை, குவித்தால் சரிந்துவிடும். உடைத்த துவரம்பருப்பு ஒன்றின்மேல் ஒன்று படுத்துக்கொண்டு உயரமாக நிற்கும். தாத்தா துவரம்பருப்பு அளக்கும்போது, வந்திருப்பவர் கைக்குழந்தையோடு வந்தவரா, கூலிக்காசைக் கையில் பொத்திக்கொண்டு வந்தவரா என்று ஒரு பார்வை பார்ப்பார். பிறகு கோபுரம் உயரும், அல்லது உயராது. தராசில் அப்படிச் செய்ய முடியாது, முள் காட்டிக்கொடுத்துவிடும். படியில் இருந்த அந்த நெகிழ்வு நல்லவன் கையில் தர்மம், கெட்டவன் கையில் திருட்டு. அடித்தட்டை உள்ளே தூக்கிய படிகளையும், உட்புறம் அரக்கு பூசிய படிகளையும் பற்றி அப்பா நிறையச் சொல்லியிருக்கிறார். உயரத்திலிருந்து கொட்டினால் மணிகள் நெருங்கி உட்காரும், அதிகம் பிடிக்கும். மெதுவாகச் சரித்தால் குறைவாகப் பிடிக்கும். படியை ஒரு தட்டுத் தட்டினால் அரை விரற்கடை இறங்கும். விற்பவர் கையை வாங்குபவர் விடாமல் பார்த்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் இதுதான்.

முதல் படியை ஒன்று என்று சொல்லமாட்டார் தாத்தா. லாபம் என்பார். காஞ்சிபுரத்துச் சமையற்காரர் விற்கவில்லை, வாங்கவில்லை, சமைக்கத்தான் அளந்தார். அவரும் லாபம் என்றே தொடங்கினார். மார்கழித் தேய்பிறை அஷ்டமியில் மதுரையில் மீனாட்சியும் சொக்கரும் சப்பரத்தில் வந்து உயிர்களுக்கெல்லாம் படியளக்கிறார்கள். கடவுள் சோறு போடுவதற்கே தமிழில் படியளப்பது என்றுதான் பெயர்.

இந்த ஏற்பாட்டுக்குள் கிலோ வந்தது. 1956இல் நாடாளுமன்றம் எடை, அளவைத் தரச் சட்டத்தை இயற்றியது. 1957 ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வந்தது. 1958 அக்டோபரில் தேர்ந்தெடுத்த இடங்களில் கிராம், கிலோ எடைக்கற்கள் புழக்கத்துக்கு வந்தன. பழையதும் புதியதும் சிலகாலம் சேர்ந்தே இருக்கலாம் என்று அவகாசம் கொடுத்தார்கள். 1962 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் மெட்ரிக் எடையே கட்டாயம். சித்தி கல்யாணம் அந்த ஏப்ரலுக்கு அடுத்த ஆனியில் வந்தது.

எடைப் பக்கத்துச் சாமான்களுக்கு இந்த மாற்றம் சுலபமாக இருந்தது. ஒரு தோலா 11.66 கிராம். மூன்று தோலா ஒரு பலம், 35 கிராம். நாற்பது பலம் ஒரு வீசை, 120 தோலா, சரியாக 1 கிலோ 400. எடையை எடையாக மாற்ற ஒரே ஒரு பெருக்கல் போதும். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு அந்தப் பெருக்கலைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். படிப் பக்கத்துக்கு அப்படி ஒரு பெருக்கல் கிடையாது. கொள்ளளவை எடையாக்க வேண்டும் என்றால் அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டாக வேண்டும். லிட்டருக்கு மாற்றினால் படி ஒன்றே. கிலோவுக்கு மாற்றும்போது ஒவ்வொரு பயறுக்கும் ஒவ்வொரு படி.

அப்பாவின் நோட்டு அதற்காகத்தான். நீள்வாக்கில் மூன்று கோடு கிழித்து, ஒரு பத்தியில் சாமான், ஒன்றில் படிக்கு, ஒன்றில் ஆழாக்குக்கு. முதல் வரி அரிசி. படி 1 கிலோ 400, ஆழாக்கு 175 கிராம். பக்கத்தில் 'வீசைக்குச் சரி' என்று பென்சிலால் எழுதியிருக்கிறார். தலைதட்டிய படி அரிசி 120 தோலா, வீசையும் 120 தோலா. காலமெல்லாம் அந்த இரண்டையும் இரண்டு பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கு, இரண்டும் ஒன்றே என்று அன்றைக்குத்தான் கண்ணில் பட்டிருக்கிறது. அந்த இரண்டு சொல்லுக்குக் கீழே இருமுறை கோடிட்டிருக்கிறார்.

இரண்டாம் வரி துவரம்பருப்பு. அதுவும் ஆழாக்கு 175க்கு ஒட்டியே வருகிறது. உளுத்தம்பருப்பு, பச்சைப்பயறு அதே இடத்தில், இரண்டொரு கிராம் முன்பின்னாக. கொண்டைக்கடலை 170. மொச்சை 155. காராமணி 150. அறுபது வருஷம் கழித்து என் சமையலறை மின்தராசில் அவருடைய ஆழாக்காலேயே அளந்து பார்த்தேன். நான்கைந்து கிராமுக்கு மேல் எதுவும் மாறவில்லை. காராமணிக்கு மட்டும் இரண்டு முறை அளந்தேன், நம்பமுடியாமல். அவர் எழுதியது சரி.

ஏன் இந்த வேறுபாடு? படிக்குள் பயறு மட்டும் இல்லை, காற்றும் இருக்கிறது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காற்றுதான். சிறிய மணிகள் நெருங்கி உட்காரும். பெரிய மணிகள், அதுவும் சிறுநீரக வடிவில் வளைந்தவை, ஒன்றையொன்று முட்டிக்கொண்டு பள்ளம் விடும். பாத்திரத்தின் ஓரத்தில் அந்தப் பள்ளம் இன்னும் அதிகம். இதை அப்பா தாமாகவே கண்டுபிடித்திருக்கிறார். மொச்சை வரிக்கு எதிரே ஒரு குறிப்பு: 'எட்டு ஆழாக்கு போட்டும் படி நிறையவில்லை.' ஆழாக்கு சின்னது, அதன் சுவரோரம் வீணாகிற இடம் விகிதத்தில் அதிகம். படி பெரிது, அதில் மொச்சை நெருங்கி உட்காருகிறது. அதனால் மொச்சையை மட்டும் ஆழாக்கால் பெருக்கிப் படிக்கணக்குச் சொல்லக்கூடாது என்று அடியில் எழுதி, கையெழுத்தும் போட்டிருக்கிறார். யாருக்காகக் கையெழுத்து? கடைப்பையன்களுக்காக இருக்கலாம். தெரிந்துகொண்ட ஒரு விஷயத்துக்குத் தாம் பொறுப்பு என்று காட்டத்தான் போட்டார் என்று நினைக்கிறேன்.

நோட்டிலிருந்ததைப் பிறகு ஒரு கரும்பலகையில் எழுதிக் கடை முகப்பில் மாட்டினார். 'அரைப்படி துவரம்பருப்பு வேண்டுவோர் 700 கிராம் கேட்கவும்.' கடைக்கு வருகிற பெண்கள் அதைப் படித்துவிட்டு, படிக்கத் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, இரண்டு மாதத்தில் தெருவே மனப்பாடம் பண்ணிவிட்டது. அரசாங்கம் விளம்பரம் செய்தது. நான் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு படித்தேன். இருந்தும் எங்கள் தெருவுக்குக் கிலோவைக் கொண்டுவந்து சேர்த்தது அந்தப் பலகையும், அதைப் படித்துச் சொன்ன பெண்களும்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

அம்மாவின் அடுப்படியில் நடந்தது வேறு. மீனாட்சி அம்மாளின் சமைத்துப் பார் 1951இல் வந்தது. அம்மா கல்யாணச் சீராக அதை வாங்கிவந்தவர். அதில் பருப்பு ஆழாக்குக் கணக்கு, புளி வெல்லம் பலக் கணக்கு. எங்கள் கடையின் இரண்டு பக்கங்களும் அந்தப் புத்தகத்திலும் இருந்தன. அப்பா ஒருநாள் இரவு உட்கார்ந்து அதன் ஓரங்களிலெல்லாம் கிராம் எழுதிக்கொடுத்தார். அம்மா மரியாதைக்கு ஒரு வாரம் பார்த்தார். பிறகு பழையபடி ஆழாக்குக்கே போய்விட்டார். அவருக்குத் தேவைப்படவில்லை. இட்லிக்கு நாலு ஆழாக்கு அரிசிக்கு ஓர் ஆழாக்கு உளுந்து. அரிசியும் உளுந்தும் ஆழாக்குக்கு ஏறக்குறைய ஒரே எடை. ஆகையால் அளந்தாலும் நாலுக்கு ஒன்று, நிறுத்தாலும் நாலுக்கு ஒன்று. பொங்கலுக்கும் அடைக்கும் அப்படியே. வீட்டுச் சமையல் விகிதத்தில் நடக்கிறது. பாத்திரம் எதுவானாலும் ஒரே பாத்திரமாக இருந்தால் போதும். குழப்பம் வந்தது விகிதம் இல்லாத இடங்களில், அதாவது கடைச்சீட்டில், கல்யாணப் பட்டியலில், மாதச் சாமானில்.

இன்னொன்றையும் அம்மா சொல்வார். பயறை எடையில் வாங்கலாம், ஆனால் பாத்திரத்தை எடையில் எடுக்க முடியாது. கொண்டைக்கடலை ஓர் ஆழாக்கு ஊறவைத்தால் காலையில் இரண்டு ஆழாக்குக்கு மேல் நிற்கும். எந்தக் குண்டானில் போட்டால் வழியாது என்பதற்குக் கண்ணுக்குத் தெரிகிற அளவுதான் உதவும். 175 கிராம் என்று சொன்னால் குண்டான் தெரியாது.

1967 தேர்தலில் தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று சொல்லி வாக்குக் கேட்டது. ஆட்சிக்கு வந்ததும் அண்ணா சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தைத் தொடங்கினார். கிலோ கட்டாயமாகி ஐந்து வருஷம் ஆகியிருந்தது. எங்கள் கடையிலேயே கிலோதான். ஆனாலும் பசியைப் பற்றிப் பேச வேண்டியபோது நாட்டுக்குப் படிதான் வாயில் வந்தது. கூட்டத்தில் கேட்டுவிட்டு வந்தவர்கள் அப்பாவிடம் வந்து, மூன்று படி என்றால் எத்தனை கிலோ என்று கேட்டார்கள். அப்பா பலகையைக் காட்டினார். நாலு கிலோ இருநூறு.

அதற்குப் பிறகு படி ஒரு புதுப் பிறவி எடுத்தது. அரசாங்க முத்திரையோடு லிட்டர் அளவுகள் வந்தன. ஜனங்கள் அதற்கு லிட்டர் படி என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். வேர்க்கடலையும் மொச்சையும் சந்தையில் அதில்தான் வந்தன. படி என்ற பேரில் பழைய அளவில் ஐந்தில் மூன்று பங்குதான் கிடைக்கிறது என்பது பழைய படியைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரிந்தது. இப்போது மின்சாரக் குக்கரோடு வருகிற கப் 180 மில்லி. அது ஜப்பானியரின் பழைய அரிசி அளவு, அவர்கள் ஊரில் கிலோ வந்தபிறகும் குக்கருக்குள் ஒளிந்துகொண்டு பிழைத்திருக்கிறது. அமெரிக்கச் சமையல் குறிப்பில் வருகிற கப் ஏறக்குறைய 240 மில்லி. அதில் ஒரு கப் ராஜ்மா என்றால் 185 கிராம், குக்கர் கப்பில் அளந்தால் 140தான். வீட்டுப் பிள்ளைகள் கேட்கும்போது, எந்தக் கப், எந்தப் பயறு என்ற இரண்டு கேள்வியைத்தான் நான் திருப்பிக் கேட்கிறேன்.

அப்பாவின் நோட்டில் கொள்ளுக்கு மட்டும் வரி இல்லை. எங்கள் கடையில் கொள்ளு நிறையவே விற்றது. வாங்கியவர்கள் வண்டிக்காரர்கள், ஏர்மாடு வைத்திருந்தவர்கள். ஜோடி மாட்டுக்கு இத்தனை படி என்று அவர்களுக்கு ஒரு கணக்கு. கிலோ வந்த பிறகும் அவர்கள் மாறவில்லை. கொள்ளை ஊறவைக்கிற தொட்டியில் படியால் முகந்து போடத்தான் அவர்களுக்குத் தெரியும். தராசில் நிறுத்துக் கொடுத்தால் கை வைக்காமல் நின்றார்கள். அப்பா யோசித்து ஒரு வழி செய்தார். தராசில் நிறுத்து, அதை அவர்கள் கண் முன்னாலேயே மரக்காலில் கொட்டிக் காட்டிவிட்டு, பிறகு சாக்கில் போட்டார். சட்டத்துக்குத் தராசு, வண்டிக்காரருக்கு மரக்கால். எழுபதுகளின் கடைசிவரை அப்படியே நடந்தது. கொள்ளுக்கு எடை எழுதிவைக்க அவருக்கு அவசியமே வரவில்லை.

மாடுகள் போய் டிராக்டர் வந்தது. கொள்ளு வாங்க வருகிறவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். கடைசியாக வந்தவர் ஒற்றை மாட்டுவண்டி வைத்து மண்ணெண்ணெய் விற்றவர். அவருக்கு அரை மரக்கால் போதும். அவரும் வராமல் போன பிறகு, அப்பா மரக்காலைத் துடைத்துக் கவிழ்த்து, தட்டுமுட்டுச் சாமான் பரணில் வைத்தார். போன வாரம் அதை இறக்கிக் கொள்ளு அளந்தேன். எட்டுப் படி பிடிக்கிறதா என்று பார்த்தேன், பிடித்தது. ஆழாக்கு 165 கிராம். நோட்டில், காராமணிக்கு அடுத்து அப்பா விட்டிருந்த வெற்று வரியில், பென்சிலால் எழுதி வைத்தேன்.